குளிர்பான விளம்பரப் பாட்டெல்லாம் எங்கே போச்சு? கோல்ட் ஸ்பாட்டில் இருந்து கோக் ஸ்டுடியோ வரை

ஒரு சின்ன டெஸ்ட். கடந்த ஒரு மாசத்தில் நீங்க பார்த்த கூல் டிரிங்ஸ் விளம்பரம் ஏதாவது ஒன்றின் பாட்டை இப்போ முணுமுணுக்க முடியுமா? நடித்தது யாருன்னு ஞாபகம் இருக்கும். எந்த மேட்ச் நடுவில் வந்ததுன்னு கூட ஞாபகம் இருக்கும். பாட்டு? பெரும்பாலும் வராது.

இதே கேள்வியை வீட்டில் அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்டுப் பாருங்க. 1980-களில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள் என்றால் கோல்ட் ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப், ரஸ்னா என்று மெட்டோடு வந்து விழும். இத்தனைக்கும் கோல்ட் ஸ்பாட் கடைகளை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. பானம் போயிடுச்சு, பாட்டு மட்டும் தலைக்குள் உட்கார்ந்திருக்கு.

அப்போ கோலா கம்பெனிகள் பாட்டுக்குச் செலவு செய்வதை நிறுத்திட்டாங்களா? இல்லை. முன்பைவிட அதிகமான பாட்டுகளோடு அவர்கள் பெயர் ஒட்டியிருக்கு. உங்க பிளேலிஸ்ட்டிலேயே ஒன்றிரண்டு இருக்க வாய்ப்பு அதிகம். விளம்பரம் கேட்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் அதைக் கேட்கிறீங்க என்பதுதான் மாறியிருக்கும் விஷயம். இது எப்படி நடந்தது, இதில் சட்டம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

கோலாவுக்கு ஏன் பாட்டு தேவைப்பட்டது?

சோப்பு விற்கிறவர் நுரையைக் காட்டலாம். பைக் விற்கிறவர் மைலேஜ் சொல்லலாம். கோலா விற்கிறவர் என்ன சொல்வார்? உள்ளே இருப்பது தண்ணீர், சர்க்கரை, கேஸ், கொஞ்சம் ஃபிளேவர். கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு கிளாஸ் கொடுத்தால் எது எந்த பிராண்ட் என்று நம்மில் பலர் தடுமாறுவோம். அதனால் பானத்தை விட்டுவிட்டு, குடிக்கிறவரின் மூடைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். நண்பர்கள், லீவு, கடற்கரை, வெயில், கொண்டாட்டம். இதையெல்லாம் அரை நிமிஷத்தில் சொல்ல வசனத்தால் முடியாது. பாட்டால் முடியும்.

வசதியும் அப்படித்தான் அமைந்தது. அகில இந்திய வானொலியின் விவித் பாரதியில் விளம்பரம் தொடங்கியது 1967 நவம்பரில். தூர்தர்ஷனில் 1976 ஜனவரி 1 முதல். ரேடியோவில் படம் கிடையாது, மெட்டு ஒன்றுதான் ஆயுதம். டிவியில் இருந்தது ஒரே சேனல், கையில் ரிமோட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு முன்னால் வருகிற விளம்பரத்தை வீடு முழுக்க உட்கார்ந்து பார்க்கும். வாரா வாரம் பார்க்கும். மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்?

இன்னொன்று கவனிச்சீங்களா? அந்தப் பாட்டுகளைப் பாடியது யார், மெட்டு போட்டது யார் என்று நமக்குத் தெரியாது. ஷியாம் பெனகல் படங்களுக்கு இசையமைத்த வன்ராஜ் பாட்டியா ஆயிரக்கணக்கான ஜிங்கிள்கள் செய்தவர். ஆனால் டிவியில் ஜிங்கிள் ஓடும்போது கீழே பெயர் போடுகிற வழக்கம் கிடையாது. பாட்டு பிராண்டுக்குச் சொந்தம், அவ்வளவுதான்.

கோக் வெளியேறியதும் கிடைத்த காலி இடம்

இந்தியக் குளிர்பானப் பாட்டின் பொற்காலத்தைத் திறந்துவிட்டது ஒரு சட்டம் என்றால் நம்புவீங்களா? 1973-இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், சுருக்கமாக ஃபெரா, வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் இந்தியக் கிளையில் 40 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தியது. ஜனதா ஆட்சியில் தொழில் துறை அமைச்சராக இருந்த ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் இதைக் கறாராகப் பிடித்தார். பங்கை விட்டால் ரகசியக் கலவையும் கைவிட்டுப் போகும் என்ற நிலையில், கோகா கோலா 1977-இல் நடையைக் கட்டியது.

அரசாங்கமே ‘டபுள் செவன்’ என்று ஒரு கோலாவை இறக்கியது. பொதுத்துறை நிறுவனமான மாடர்ன் ஃபுட் தயாரித்தது. பெயரில் 77 இருந்தது, ஆனால் பானம் எடுபடவில்லை. எடுபட்டது பார்லேவின் தம்ஸ் அப். அது அறிமுகமானபோது பிடித்த ஸ்லோகனின் அர்த்தம், நல்ல நாள் திரும்பி வந்துவிட்டது என்பது. எமர்ஜென்சி விலகிய அதே 1977. கேட்டவர்கள் காதில் அது கோலாவைப் பற்றிய வரியாக மட்டும் விழுந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்க.

1980-களின் தொடக்கத்தில் வந்த கேம்பா கோலா விளம்பரம் ஒன்று யூடியூபில் இருக்கு, நேரம் கிடைத்தால் பாருங்க. கைலாஷ் சுரேந்திரநாத் இயக்கியது. படகு, கடல், நீச்சலுடையில் சிரிக்கிற இளைஞர்கள், பின்னால் ஆங்கிலப் பாட்டு. அந்த இளைஞர்களில் ஒருவர், அப்போது யாருக்கும் தெரியாத சல்மான் கான். கேமரா முன் அவருடைய முதல் வேலைகளில் ஒன்று. அந்த விளம்பரத்தில் ‘இந்தியச் சுவை’ என்று பெருமை பேசுகிற பானத்துக்கும் பாட்டு ஆங்கிலத்தில்தான். பாய்மரப் படகில் போகிறவர்கள் அன்றைக்கு நாட்டில் எத்தனை பேர்? ஆனால் ஆசை எல்லோருக்கும் இருந்தது. பாட்டு விற்றது அந்த ஆசையைத்தான்.

ஆங்கிலம் போய் ஹிங்கிலீஷ் வந்த கதை

1990-இல் பெப்சி வந்தது, ஆனால் தனியாக வர முடியவில்லை. வெளிநாட்டு பிராண்ட் பெயரை அப்படியே பயன்படுத்த அன்றைய விதிகள் விடவில்லை. அதனால் ‘லெஹர் பெப்சி’. பஞ்சாப் அரசின் வேளாண் தொழில் கழகமும் வோல்டாஸும் கூட்டாளிகள். பாட்டிலின் மேலேயே பாதி இந்தி, பாதி ஆங்கிலம்.

பாட்டும் அதே மாதிரி ஆனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கோவாவின் பாப் பாடகர் ரெமோ ஃபெர்னாண்டஸும் ஜூஹி சாவ்லாவும் வந்த அந்த விளம்பரம் இந்தியையும் ஆங்கிலத்தையும் ஒரே வரியில் கலந்து, கடைசியில் ஒரு ‘ஆஹா’ போட்டு முடியும். 35 வயதைத் தாண்டிய யாரிடமாவது அந்த ‘ஆஹா’வைச் சொல்லிப் பாருங்க, முன் வரியை அவங்களே சொல்லிடுவாங்க. கல்லூரிப் பையன்கள் நிஜமாகப் பேசுகிற மொழி முதல்முறையாக விளம்பரப் பாட்டில் கேட்டது. பின்னால் வந்த எஃப்எம் ரேடியோவும் எம்டிவியும் அதே ரூட்டில்தான் போயின.

1993-இல் கோக் திரும்பி வந்து பார்லேவின் பிராண்டுகளை மொத்தமாக வாங்கியது. கோல்ட் ஸ்பாட் ஓரங்கட்டப்பட்டு அந்த இடத்துக்கு ஃபேன்டா வந்தது. தம்ஸ் அப்பையும் அப்படி மறக்கடிக்கப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. இன்று கோகா கோலா நிறுவனத்தின் நூறு கோடி டாலர் பிராண்டுகளில் அதுவும் ஒன்று.

1996 கிரிக்கெட் உலகக் கோப்பையில் இரண்டு கம்பெனிகளும் நேருக்கு நேர் மோதின. அதிகாரப்பூர்வ பானம் கோக். தெருவிலும் மைதானத்திலும் கிரிக்கெட் ஆடுகிற காட்சிகளுக்குப் பின்னால் அவர்கள் வைத்தது பாகிஸ்தானின் கவ்வாலி மேதை நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரல். பானத்தைப் பற்றி எதுவும் பேசாத பாட்டு. பெப்சியோ, அதிகாரப்பூர்வம் என்பதையே கிண்டல் அடித்து விளம்பரம் செய்தது. அந்த ரவுண்டில் பேச்சில் ஜெயித்தது பெப்சி என்றுதான் விளம்பர உலகம் இன்றும் சொல்லும். ஆனால் கோக் அன்று போட்ட விதையைக் கவனத்தில் வைச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

இடையில் ஒரு வரி கம்பெனியின் கையை விட்டே போனது. ‘யே தில் மாங்கே மோர்’, மனசு இன்னும் கேட்குது என்ற அர்த்தம், 1990-களின் கடைசியில் பெப்சிக்காக அனுஜா சௌஹான் எழுதிய ஸ்லோகன். 1999 கார்கில் போரில் கேப்டன் விக்ரம் பத்ரா, புள்ளி 5140 சிகரத்தைப் பிடித்ததும் வயர்லெஸ்ஸில் வெற்றிச் செய்தியாகச் சொன்னது இதைத்தான். சில வாரங்களில், ஜூலை 7-ஆம் தேதி அவர் வீரமரணம் அடைந்தார். அதன் பிறகு அந்த வரியைக் கேட்கிற பலருக்கு பெப்சி ஞாபகம் வருவதில்லை.

தமிழில் என்ன ஆச்சு?

2000-களின் தொடக்கத்தில் பிரசூன் ஜோஷி எழுதி ஆமிர் கான் நடித்த கோக் விளம்பரத் தொடர், ‘தண்டா’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டது. வட இந்தியாவில் விருந்தாளி வந்தால், சூடா ஏதாவதா தண்டாவா என்று கேட்பார்கள். அந்தப் பொதுச்சொல்லையே பிராண்டாக மாற்றிவிட்டார்கள். கூடவே 200 மில்லி பாட்டில் 5 ரூபாய். சின்ன ஊர் வரைக்கும் போனது.

ஆனால் நம்ம ஊரில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. இங்கே வீட்டுக்கு வந்தவரிடம் ‘கலர் சாப்பிடுறீங்களா?’ என்றுதான் கேட்போம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஓடுவது கலர். அந்தச் சொல்லில் கோலி சோடா, பன்னீர் சோடா, உள்ளூர் கம்பெனி ஆரஞ்சு எல்லாம் அடங்கும். எந்த நேஷனல் பிராண்டும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளவில்லை. பாதி ஜிங்கிள்கள் இங்கே டப்பிங்கில் வந்தன. வாயசைவு ஒரு பக்கம், வரி ஒரு பக்கம். அதனால்தான் பாட்டைவிட நடிகர் முகத்தை நம்பினார்கள். விஜய் கோக் விளம்பரத்தில் நடித்தது அந்தக் காலகட்டத்தில்தான். 2014-இல் அவரே ‘கத்தி’ படத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சும் குளிர்பானக் கம்பெனிக்கு எதிராக நின்றபோது பழைய விளம்பரத்தை எடுத்துப் போட்டு மீம்ஸ் பறந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

இன்னொரு பக்கம் பொவொன்டோ. விருதுநகரில் 1916-இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பானம். 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது அத்தனை பேர் கண்ணும் அதன் மேல் விழுந்தது. பல நூறு கோடி விளம்பரச் செலவு இல்லாமல் ஒரு பானத்தின் பெயர் மாநிலம் முழுக்க வாயில் புழங்கியது. அதற்குக் காரணம் பாட்டு இல்லை, தண்ணீர்ப் பிரச்னை. தாமிரபரணித் தண்ணீரை கங்கைகொண்டான் ஆலைகளுக்குக் கொடுப்பது குறித்து மதுரைக் கிளையில் வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

ஸ்கிப் பட்டன் செய்த வேலை

ஜிங்கிளுக்கு உயிர் கொடுத்தது, தப்பிக்க முடியாத பார்வையாளர். 2010-இல் யூடியூப் ஐந்து விநாடிக்குப் பிறகு விளம்பரத்தைத் தாண்டிப் போக விட்டது. 2016-இல் ஆறு விநாடி விளம்பரம் வந்தது. ஆறு விநாடியில் பல்லவி கூட முடியாது. மிஞ்சியது நாலைந்து ஸ்வரம் கொண்ட ஒலி முத்திரை. 2017-இன் வர்த்தக முத்திரை விதிகளும் ஒலி முத்திரையைப் பதிவு செய்ய 30 விநாடிக்கு மிகாத எம்பி3 கொடுக்க வேண்டும் என்கின்றன.

நீங்க விளம்பரத்தைத் தவிர்க்கிறீங்க, சரி. ஆனால் பாட்டைத் தேடிப் போய்க் கேட்கிறீங்க இல்லையா? அப்போ, நீங்க தேடிப் போகும் பாட்டாகவே நாங்கள் மாறிவிட்டால்? கோக் கண்டுபிடித்த விடை இதுதான்.

இது அவர்களுக்குப் புதிதும் இல்லை. 1971-இல் அமெரிக்காவில், ஒரு குன்றின் மேல் பல நாட்டு இளைஞர்கள் நின்று பாடும் கோக் விளம்பரம் வந்தது. பனிமூட்டத்தால் விமானம் அயர்லாந்தின் ஷானனில் இறக்கப்பட்டு, அங்கே மாட்டிக்கொண்ட பயணிகள் கோக் பாட்டிலோடு அரட்டை அடிப்பதைப் பார்த்து விளம்பரக்காரர் பில் பேக்கருக்கு வந்த யோசனை. ரேடியோ நிலையங்களுக்குப் பாட்டைக் கேட்டு ஃபோன் வந்தது. உடனே பானத்தின் பெயரை நீக்கிவிட்டு அதே மெட்டை இசைத்தட்டாக விட்டார்கள். நியூ சீக்கர்ஸ் குழுவின் பதிவு பிரிட்டனில் முதல் இடம் பிடித்தது. பெயரை எடுத்த பிறகும் அதைக் கேட்டவர்களுக்கு கோக் ஞாபகம் வந்தது.

கோக் ஸ்டுடியோ அதே யோசனையின் பெரிய சைஸ். 2007-இல் பிரேசிலில் ஒரு நிகழ்ச்சியாகத் தொடங்கி, 2008-இல் பாகிஸ்தானில் ரொஹைல் ஹயாத் கையில் வேறு உருவம் எடுத்தது. 2011-இல் எம்டிவி வழியாக இந்தியா. 2022-இல் அலி சேத்தியும் ஷே கில்லும் பாடிய ‘பசூரி’ எல்லை, மொழி எல்லாம் தாண்டி ஓடியது. 2023-இல் ‘கோக் ஸ்டுடியோ பாரத்’, அதே வருஷம் ‘கோக் ஸ்டுடியோ தமிழ்’. அறிவும் கதீஜா ரஹ்மானும் பாடிய ‘சகவாசி’யோடு தொடங்கியது. கர்நாடக சங்கீத மேடையின் சஞ்சய் சுப்ரமண்யன் வரைக்கும் அங்கே வந்தாச்சு.

ஒரு வட்டம் முடிந்ததைப் பாருங்க. ஏ.ஆர். ரஹ்மான் 1980-களின் கடைசியில் சென்னையில் ஜிங்கிள் போட்டுத்தான் வளர்ந்தார். லியோ காபி விளம்பரம் வழியாகத்தான் மணிரத்னம் கவனித்தார், 1992-இல் ‘ரோஜா’ வந்தது. அதே ரஹ்மான் 2013-இல் கோக் ஸ்டுடியோ மேடையில் தன் அக்கா ரைஹானாவோடு தமிழில் பாடினார். ஒரு குளிர்பானக் கம்பெனியின் செலவில். பாட்டில் குளிர்பானம் எங்கும் இல்லை. ஜிங்கிள் போட்ட காலத்தில் பொருளின் பெயரைத்தான் நாம் கேட்டோம், மெட்டு போட்டவர் பெயர் வரவில்லை. இப்போ கலைஞர் பெயர் முன்னால், பொருள் பின்னால். கலைஞர்களுக்கு இது நல்ல பேரம். நாட்டுப்புறப் பாடகருக்கும் ராப் பாடுகிறவருக்கும் இவ்வளவு நல்ல ஒலிப்பதிவும் இவ்வளவு கேட்பவர்களும் வேறு எங்கே கிடைக்கும்? இந்தப் பாட்டுகளில் சிலவற்றை நானே ரிபீட்டில் கேட்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை.

கோக் வென்ற இடம் அன்றாடப் பேச்சு. ‘இதை கோக் ஸ்டுடியோ ஸ்டைலில் பண்ணலாமா?’ என்று இசைக்குழுக்கள் பேசிக்கொள்கின்றன. நாட்டுப்புறமும் கிட்டாரும் கலந்த ஒரு இசை வகைக்கே ஒரு சோடாவின் பெயர் வந்துவிட்டது. எந்த ஜிங்கிளும் இதைச் சாதித்ததில்லை.

சரி, இதில் சிக்கல் என்ன?

மதுக் கம்பெனிகள் ‘மியூசிக் சிடி’ என்ற பெயரில் பிராண்டைக் காட்டியபோது அதை மறைமுக விளம்பரம் என்று சொன்னோம், காரணம் டிவியில் மது விளம்பரத்துக்குத் தடை இருந்தது. கோலா தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. அதனால் இது சட்டமீறல் இல்லை. ஆனால் அரசு இந்தப் பானத்தைச் சாதாரணப் பொருளாகவும் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கேஸ் அடைத்த குளிர்பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன்பும் 28 சதவீத வரியும் 12 சதவீத செஸ்ஸும் சேர்ந்து அதே 40 தான்.

காரணம் சர்க்கரை. வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு சுமார் 10 முதல் 11 கிராம். 300 மில்லி கேன் ஒன்றைக் குடித்தால் 30 கிராமைத் தாண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வெளியிலிருந்து சேரும் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு அளவு இன்னும் குறைவு.

இதனால்தான் 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்கள், சிப்ஸ், கேஸ் அடைத்த பானம் போன்றவற்றின் விளம்பரம் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியின்போதோ குழந்தைகள் சேனலிலோ வரக்கூடாது என்கின்றன. அந்த விதியின் மனசில் இருப்பது 1985-இன் டிவி. ஒரு நிகழ்ச்சி, அதன் நடுவில் ஒரு விளம்பரம். கோக் ஸ்டுடியோ பாட்டில் ‘நடுவில்’ என்று எதுவும் கிடையாது. கார்ட்டூன் முடிந்ததும் ஆட்டோபிளேயில் அது வந்தால், வந்தது விளம்பரமா பாட்டா? 13 வயதுக்குக் கீழுள்ளவர்களை நேரடியாகக் குறிவைத்து விளம்பரம் செய்வதில்லை என்று கோகா கோலா தன் கொள்கையாக அறிவித்திருக்கு. பாட்டு எல்லோருக்கும் பொது என்ற பதில் அதற்குள் அடங்கிவிடும்.

எல்லாரும் இந்த வழியில் போகவில்லை. 2022-இல் ரிலையன்ஸ் வாங்கி 2023 மார்ச்சில் திரும்ப இறக்கிய கேம்பா, 200 மில்லி 10 ரூபாய் என்ற விலையையும் ஐபிஎல் ஸ்பான்சர்ஷிப்பையும் நம்பி இறங்கியிருக்கு. அது டிவி விளம்பரம், எளிதில் அடையாளம் தெரியும், எந்தச் சேனலில் எப்போது என்று விதி போடலாம்.

பள்ளி விஷயத்தில் விதி இன்னும் துல்லியம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஒழுங்குமுறைப்படி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பொருட்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கவும் விளம்பரம் செய்யவும் கூடாது. கேட்டுக்கு எதிரில் ஒரு கோலா பேனர் கட்டினால் அதிகாரி வந்து அவிழ்க்கச் சொல்லலாம். ஆண்டுவிழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோக் ஸ்டுடியோ பாட்டுக்கு ஆட, தொகுப்பாளர் அந்தப் பெயரோடு மைக்கில் அறிவித்தால், அது 50 மீட்டர் கணக்கில் வராது.